எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன்: பித்தப்பையை எடுப்பதா, விடுவதா?

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளத் துணிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருவார்கள். இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவா, சாப்பாடு போகும் பாதையையே மாற்றும் பைபாஸா? கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் யாராவது கோயம்புத்தூர் போய் ஆலோசனை கேட்டு வந்தாலும் பேச்சு அதிலேயே நிற்கும். எத்தனை கிலோ இறங்கும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா, எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று கேட்பார்கள். பித்தப்பை என்ற பேச்சே எழாது. ஆனால் எடை நன்றாக இறங்கி, உறவுக்காரர்கள் எல்லாம் "அடையாளமே தெரியலையே" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அந்த ஆறாம் மாதம், பத்தாம் மாதத்தில்தான் பித்தப்பைக் கல் வலியைக் கொண்டுவந்து நிறுத்தும்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். என் அண்ணிக்கு பைபாஸிலேயே ஒரு வகையான மினி பைபாஸ், சித்தி மகளுக்கு ஸ்லீவ். இருவருக்கும் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பித்தப்பையை என்ன செய்வது என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே, ஸ்லீவா பைபாஸா என்று பேசும் அதே மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. கீழே இருப்பது உங்கள் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உதவும். மருந்தின் அளவையும் ஆபரேஷன் நாளையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கல் ஏன் வருகிறது

உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதிலிருக்கும் கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பித்த நீரில் கொட்டுகிறது. பித்த நீரால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அது சேர்ந்தால் துகளாகப் படியும். அதே சமயம் சாப்பாடு மிகவும் குறைந்துவிடுவதால், எண்ணெய்ப் பசையே வயிற்றுக்குள் போகாததால், பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும் வேலையும் குறைகிறது. பித்தம் தேங்கும், துகள் கூடும், கல்லாகும். பைபாஸில் சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமலே போவதால், பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் ஹார்மோன் சமிக்ஞையும் மாறிப்போகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் ஆபத்து கூடும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் அப்படி இறங்குவது சர்வ சாதாரணம்.

தடுப்பு மருந்து எதுவும் எடுக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் ஸ்கேனில் கல் தெரிகிறது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கல் இருப்பது வேறு, கல் வலிப்பது வேறு. இரண்டு வருடக் கணக்கெடுத்தால் வலி, வீக்கம், காமாலை என்று தொல்லை கொடுப்பது சுமார் பத்தில் ஒருவருக்கு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு எடுக்கும் முடிவு நிதானமாக இருக்கும்.

முதல் வழி: ஒரேயடியாகச் சேர்த்தே எடுத்துவிடுவது

"ஒரு தடவை மயக்க மருந்து கொடுக்கிறதுதானே, அதையும் சேர்த்து எடுத்துடுங்க டாக்டர்." எங்கள் வீட்டில் அப்பாவின் கட்சி இதுதான். வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த காலத்தில் பல சர்ஜன்களும் அப்படித்தான் செய்தார்கள். திரும்பவும் அதே தழும்பைத் திறப்பது பெரிய வேலை என்பதால் அந்த நியாயம் அன்று செல்லுபடியானது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை முறையில் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். இந்தியாவில் 1990-இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா செய்தார். அதன் பிறகு பித்தப்பை ஆபரேஷன் என்பது நான்கு சிறு துளை, ஓரிரு நாளில் வீடு என்றாகிவிட்டது. தேவைப்பட்டால் பிறகு எடுப்பது பெரிய சுமை இல்லை என்றானதும், கல்லே இல்லாத பையை முன்கூட்டியே எடுக்கும் வழக்கம் பெரும்பாலும் நின்றுபோனது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதிக எடையுள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது பெருத்திருக்கும். பித்தப்பை ஒட்டிக்கொண்டிருப்பது அதன் அடியில்தான். ஸ்லீவுக்கு வசதியாகப் போட்ட துளைகள் வழியாக அந்த இடத்தில் வேலை செய்வது அத்தனை சுலபமில்லை. பித்தக்குழாயில் தவறிக் காயம் படும் ஆபத்து எந்தப் பித்தப்பை ஆபரேஷனிலும் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு உண்டு. சிறிய எண்தான், ஆனால் பட்டவருக்கு அது வருடக்கணக்கில் தொடரும் துன்பம். பத்தில் ஒன்பது பேருக்குத் தொல்லையே தராத ஓர் உறுப்புக்காக அந்த ஆபத்தை எல்லோர் மேலும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கெனவே கல் இருந்து வலியும் வந்துகொண்டிருந்தால் கதை வேறு. அங்கே தயங்க ஒன்றுமில்லை. சேர்த்தே எடுக்கலாம், அல்லது பித்தப்பையை முதலில் முடித்துவிட்டு எடைக்குறைப்புக்கு வரலாம். என் சித்தி மகளுக்குச் சேர்த்துத்தான் எடுத்தார்கள். அவளுக்கு ஒரு வருடமாகவே, ராத்திரி பரோட்டா சாப்பிட்டால் விலாவுக்கடியில் பிடிக்கும். ஸ்கேனில் மூன்று கற்கள். ஸ்லீவோடு பித்தப்பையும் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கூடுதலாக இருந்தாள், அவ்வளவுதான். பித்தப்பை இல்லாமல் செரிக்குமா என்று சித்தி கலங்கிப் போயிருந்தார். கல்லீரல் சுரக்கும் பித்தம் நேராகக் குடலுக்குப் போய்விடும். சிலருக்குக் கொஞ்ச நாள் பேதி மாதிரி இளகிப் போகும், அப்புறம் பழகிவிடும்.

இரண்டாம் வழி: ஆறு மாதம் மாத்திரை

உர்சோடிஆக்ஸிகோலிக் ஆசிட். மருந்துக் கடைகளில் உர்சோ என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். உடிலிவ் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான மாத்திரை. பித்த நீரில் கொலஸ்ட்ரால் படியாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. 1995-இல் அமெரிக்காவில் பைபாஸ் செய்தவர்களிடம் நடத்திய ஆய்வில், தினம் 600 மில்லிகிராம் ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் 2 சதவீதத்தினருக்கே கல் வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதம். 2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் நடைமுறைக்கு நெருக்கமான கேள்வியைக் கேட்டது: ஸ்கேனில் கல் தெரிவதை விட்டுவிடுவோம், தொல்லை வருகிறதா? தினம் 900 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 6.5 சதவீதத்தினருக்கும், சாப்பிடாதவர்களில் 9.7 சதவீதத்தினருக்கும் இரண்டு வருடத்துக்குள் பித்தக்கல் தொல்லை வந்தது. ஆபரேஷனுக்கு முன் கல்லே இல்லாதவர்களின் கணக்கு இது.

இதை நம் வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால், முப்பது பேர் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால், இல்லாவிட்டால் தொல்லை வந்திருக்கக்கூடிய ஒருவர் தப்பிப்பார். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒருவர் தப்பிப்பது நடுராத்திரி வலியிலிருந்தும் இன்னொரு ஆபரேஷனிலிருந்தும். பெரிய பக்கவிளைவு இல்லாத, கொஞ்சம் வயிறு இளகவோ குமட்டவோ செய்யும் ஒரு மாத்திரைக்கு அது நல்ல பேரம் என்பேன். அமெரிக்க எடைக்குறைப்பு சர்ஜன்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் பித்தப்பை இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. ஸ்லீவுக்குத் தினம் 500 மில்லிகிராம் ஒரு வேளை, பைபாஸுக்கு 300 மில்லிகிராம் இரண்டு வேளை.

இந்த வழியின் பலவீனம் எங்கே இருக்கிறது தெரியுமா? மாத்திரையை நிறுத்திவிடுவதில். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பை மருந்து இருக்கும். வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12, அமிலத்துக்கு ஒன்று. வயிறு கையளவுகூட இல்லை, தண்ணீரையே மெல்ல மெல்லக் குடிக்க வேண்டிய நிலை. அதில் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கும்போது, வலியோ அறிகுறியோ இல்லாத ஒன்றுக்குக் கொடுத்த உர்சோதான் முதலில் கழியும். என் அண்ணி இரண்டாம் மாதத்தில் நிறுத்தினார். "ஈரலுக்கு ஒண்ணுமில்லைன்னுதானே டாக்டர் சொன்னாரு, அப்புறம் எதுக்குங்க ஈரல் மாத்திரை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அது எதற்கு என்று டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரும் அவருக்கு விளக்கவில்லை. காகிதத்தில் பெயர் மட்டும் இருந்தது.

மூன்றாம் வழி: பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

மாத்திரையும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், வலி வந்தால் பார்க்கலாம். ஸ்லீவ் செய்துகொண்டவர், கல் எதுவும் இல்லாதவர், நல்ல ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரத்தில் இருப்பவர் இப்படி இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்துக்காரர்களுக்கு ஒத்துவரும். வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் போகவேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு, அதுவும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இந்த வழி ஒத்துவராது. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

ஸ்லீவா பைபாஸா என்பதில் பித்தப்பைக்கும் ஓட்டு உண்டு

பித்தப்பையில் இருக்கும் கல் அங்கேயே இருந்தால் விஷயம் எளிது. அது நழுவிப் பொதுப் பித்தக்குழாயில் போய் அடைத்தால்தான் காமாலை, குழாயில் சீழ், கணைய அழற்சி என்று கைமீறும். அப்போது ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில், வாய் வழியாகக் கேமரா குழாயை இறக்கி, இரைப்பை தாண்டி, முன்சிறுகுடலில் பித்தக்குழாய் திறக்கும் வாசல் வழியாகக் கல்லை எடுப்பார்கள். வயிற்றில் கத்தி படாத வேலை.

ஸ்லீவில் இரைப்பையைக் குறுக்கி ஒரு குழாய் போல ஆக்குகிறார்கள், பாதை மாறுவதில்லை. ஈ.ஆர்.சி.பி. வழக்கம்போலச் செய்யலாம். பைபாஸில் பாதையே மாறிவிடுகிறது. சிறிய இரைப்பையிலிருந்து சாப்பாடு நேராகக் கீழ்க்குடலுக்குப் போகிறது. முன்சிறுகுடல் ஒதுங்கிப்போய் ஒரு பக்கக் கிளையில் நிற்கிறது. வாய் வழியாகப் போகும் சாதாரணக் கேமரா அங்கே எட்டாது. மினி பைபாஸிலும் இதே சிக்கல்தான், ஒதுக்கிவிட்ட குடலின் நீளம் முழுக்க எதிர்த்திசையில் ஏறிப் போக வேண்டும். நீளமான பலூன் எண்டோஸ்கோப்பி, லேப்ராஸ்கோப்பி மூலம் ஒதுக்கிய இரைப்பையில் துளையிட்டு அதன் வழியாகக் கேமராவை விடுவது, அல்லது ஆபரேஷன் செய்தே குழாயைத் திறந்து கல்லை எடுப்பது. வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இல்லை, செலவும் கூடுதல், நாளும் கூடுதல்.

சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கும் பைபாஸைப் பரிந்துரைக்க வலுவான காரணங்கள் உண்டு. பித்தப்பைக்காக மட்டும் பைபாஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பைபாஸ் என்று முடிவானால் பித்தப்பை விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன். ஆபரேஷனுக்கு முன் வயிற்று ஸ்கேன் கட்டாயம், உர்சோ ஆறு மாதம் கட்டாயம், வலி என்றால் அன்றே பார்ப்பது கட்டாயம்.

ஸ்கேனில் கல் இருக்கிறது, ஆனால் ஒரு நாளும் வலித்ததில்லை என்பவர்கள்தான் நடுவில் நிற்பவர்கள். டாக்டர்களிடையேகூட இதில் இரண்டு கருத்து உண்டு. வலி வராத கல்லைத் தொடாதே என்பது ஒரு பக்கம்; எடை இறங்கும்போது அது விழித்துக்கொள்ளும், இப்போதே எடு என்பது இன்னொரு பக்கம். உர்சோ இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அதோடு, வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி என்றால், நம் தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் அதிகம். நிறமிக் கல்லை இந்த மாத்திரை கரைக்காது. ஆகவே "கல் இருக்கு, மாத்திரை சாப்பிடறேன், கரைஞ்சுடும்" என்ற நம்பிக்கையில் பைபாஸுக்குப் போக வேண்டாம். ஸ்லீவ் என்றால் விட்டு வைத்துப் பார்க்கலாம்; பைபாஸ் என்றால் சேர்த்து எடுப்பதைப் பற்றி சர்ஜனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். என் சாய்வு எடுப்பதன் பக்கம்.

ஆபரேஷன் வேண்டாம், ஊசி போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. அந்த ஊசிகளிலும் பித்தப்பைத் தொல்லை எச்சரிக்கை உண்டு. எடை எந்த வழியில் வேகமாக இறங்கினாலும் பித்தப்பை அதை உணரும்.

வலியை வாயு என்று நினைத்துவிடுவது

அண்ணிக்கு வலி வந்தது ஒரு நிச்சயதார்த்த விருந்து முடிந்த இரவு. அவர் சாப்பிட்டதே இரண்டு வாய்தான், அதில் ஒன்று நெய் மிதந்த பாயசம். நெஞ்சுக்குழியில் தொடங்கி வலது விலாவுக்கடியில் பரவி, முதுகில் தோள்பட்டை எலும்புக்கு நடுவே போய் நின்றது. உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அமிலத்துக்குப் போடும் பான்-டி மாத்திரை கொடுத்தார்கள். "டாக்டர்கிட்டப் போலாங்களா அண்ணி?" என்று கேட்டேன். "வேண்டாங் கண்ணு, வாயுதான், விடிஞ்சா சரியாயிடும்." விடிந்தபோது வலி உண்மையிலேயே குறைந்திருந்தது. ஆனால் சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போயிருந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருப்பதை ஜன்னல் பக்கம் நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியவே இல்லை.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்துவிட்டது. அரைத்து மோரில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள், அன்பாகத்தான். எங்கள் எல்லைப் பகுதியில் மலையாளம் பேசும் வீடோ தமிழ் பேசும் வீடோ, காமாலை என்றால் கை முதலில் போவது அதற்குத்தான். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்பதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. கல் அடைத்து வரும் காமாலை அப்படி இறங்காது. அடைப்பு எடுபடும்வரை பித்தம் பின்னால் தேங்கும், கிருமி சேர்ந்தால் குளிர்ஜுரம் வரும், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் காமாலை என்றால் பச்சிலைக்கு ஒரு நாள்கூட ஒதுக்கக் கூடாது. இதை நான் எங்கள் தெருவில் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணிக்கு ஈ.ஆர்.சி.பி. செய்யும் வசதியுள்ள இடத்துக்கே போனோம். மினி பைபாஸ் என்றதும் அங்கே வாய் வழியாக முடியாது என்று சொல்லி இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் லேப்ராஸ்கோப்பியில் பித்தக்குழாயைத் திறந்து கல்லை எடுத்து, பித்தப்பையையும் எடுத்தார்கள். தேறிவிட்டார்.

எந்த வலிக்கு ஓட வேண்டும்? சாப்பிட்ட பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, வலது விலாவுக்கடியிலோ நெஞ்சுக்குழியிலோ பிடித்து முதுகுக்குப் போவது, கூடவே குமட்டல் என்றால் ஓரிரு நாளுக்குள் ஸ்கேன். அதோடு ஜுரம், நடுக்கம், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், வெளுத்த மலம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அந்த நேரமே கிளம்ப வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு இடுக்கில் சிக்கிக்கொள்ளும் ஹெர்னியா, எடை நன்றாக இறங்கிய பிறகு திடீர் வலியாக வரும். அதையும் வாயு என்று ஒதுக்கிவிடலாகாது. வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை பைபாஸ்காரர்கள் தொடவே கூடாது. குடல் இணைத்த இடத்தில் புண் வரும், அப்புறம் எது கல் வலி எது புண் வலி என்று பிரிப்பதே கஷ்டம்.

தேறும் நாட்களில் சாப்பாடு

முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு சிறு அளவில். இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவருக்கு யோசிக்காமல் கொடுப்பது கஞ்சி. முதல் வாரங்களில் தொண்டைக்கு இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதில் புரதம் சொற்பம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதியிருப்பார். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றால் கஞ்சித் தண்ணீரையும் பருப்புத் தண்ணீரையும் நம்பி அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. தயிர், முட்டை வெள்ளை, பன்னீர், மசித்த மீன், அவற்றோடு டாக்டர் சொன்ன புரதப் பொடி என்று போக வேண்டும்.

எண்ணெயே கூடாது என்று அடியோடு விலக்குவது பித்தப்பை இருப்பவர்களுக்கு நல்லதில்லை. கொழுப்பு கொஞ்சமாவது உள்ளே போனால்தான் பித்தப்பை சுருங்கி, தேங்கிய பித்தத்தை வெளியேற்றும். மசித்ததைச் சாப்பிடும் கட்டம் வந்ததும் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயோ, முட்டையின் மஞ்சளோ, இரண்டு துண்டு மத்தி மீனோ சேர்க்கலாமா என்று டயட்டீஷியனைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரித்ததும் நெய் மிதப்பதும் வேறு கணக்கு. கல் உருவாகிவிட்டவருக்கு அதுதான் வலியைத் தூண்டும்.

மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொத்துக் கொத்தாய் உதிரும், பயந்துபோவார்கள். பெரும்பாலும் அது திரும்ப வளரும். பயப்பட வேண்டியது நிற்காத வாந்திக்கு. நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் வற்றி மூளையைப் பாதிக்கும். பித்தக்கல் வாந்தி என்று நினைத்து வீட்டில் காத்திருக்காமல், போன உடனே அந்த வைட்டமின் ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

கல் வலித்துவிட்டது, இப்போதா, எடை இறங்கி முடிந்த பிறகா?

இதில் என் கருத்து ஒரே பக்கம்தான். பித்தப்பை வீங்கிவிட்டால், அதாவது ஜுரமும் விடாத வலியும் இருந்தால், முதல் சில நாட்களுக்குள் எடுப்பதே இன்று பெரும்பாலான சர்ஜன்களின் வழி. ஆன்டிபயாடிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி ஆறு வாரம் கழித்து வரச் சொல்வதில், இடையில் மறுபடி வலி வந்து படுக்கும் ஆபத்து உண்டு. வலி மட்டும் வந்து போனது என்றால் சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், புரதம், பி12 எல்லாம் சரிபார்த்துவிட்டுச் செய்யலாம். இருபது முப்பது கிலோ இறங்கியிருந்தால் சர்ஜனுக்கும் முன்பைவிட வேலை எளிதாகவே இருக்கும். பைபாஸ்காரர் என்றால் வாரங்களைத் தள்ளிப்போடாதீர்கள், கல் நழுவிக் குழாய்க்குப் போனால் எளிய பாதை இல்லை என்பதை மேலே பார்த்தோம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களிடம், எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பமும் கல்லைக் கூட்டும் என்பதால் வலிக்கும் கல்லை அதற்கு முன்பே தீர்த்துவிடுவது நல்லது.

எல்லையின் எந்தப் பக்கம்

முதல் ஆபரேஷனைக் கோயம்புத்தூரில் செய்துகொள்வது எங்கள் தாலுகாவில் இயல்பு. பேச்சு தமிழ், பஸ் உண்டு, உறவுக்காரர்கள் உண்டு. அவசரத்துக்கு முதலில் போய் நிற்பது கேரளப் பக்கத்துச் சித்தூர் அல்லது பாலக்காடு. அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்கள் வயிற்றின் உள் பாதை எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்று தெரிய வழியில்லை. "பைபாஸ் பண்ணியிருக்கு" என்று மட்டும் சொன்னால் இதயம் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுக்கப் போவார்கள். ஆபரேஷன் குறிப்பை, எந்த வகை, குடல் எத்தனை சென்டிமீட்டர் ஒதுக்கப்பட்டது, பித்தப்பை இருக்கிறதா இல்லையா என்ற விவரங்களோடு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருங்கள். 2020 ஊரடங்கில் வாளையார் எல்லையில் ஜனங்கள் தடுக்கப்பட்டு நின்றதைப் பார்த்தவர்கள் நாம். உள்ளூர்ப் பக்கம் ஒரு டாக்டரிடமாவது முன்கூட்டியே காட்டி வைப்பது வீண் போகாது.

முதல் ஆபரேஷனுக்கு முன், கோயம்புத்தூர் சர்ஜனிடம் இன்னொன்றும் கேளுங்கள். பிறகு பித்தக்குழாயில் கல் அடைத்தால் இங்கேயே எடுப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? பைபாஸ் நோயாளிகளுக்கு அதைச் செய்த அனுபவம் இருக்கிறதா? நேராகப் பதில் சொல்லும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கிடையாது. கேரள அரசின் காருண்யா காப்பீட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆபரேஷனுக்கு அது செல்லும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். தனியார் பாலிசி என்றால், எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் தர பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40-க்கு மேல், அல்லது கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற நோய்களோடு 35-க்கு மேல் என்பது பொது விதி. பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் தனியாக இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. புது பாலிசி எடுத்த கையோடு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்கள் இந்த வரியைத் தேடிப் படிக்கட்டும். கல் வலிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வருடங்களில்தான்.